ஸ்ட்ரெச்சர் பாங்

"எங்க பசங்களுக்கு என்ன கத்துக்குடுக்கப் போறீங்க? விழறதுக்கா?"

ஓக் கியூதே கேட்டதும் பெற்றோர்கள் குபீரென்று சிரித்தார்கள். எதிர் நாற்காலியில் இருந்த பாங் இன்சோக் கையிலிருந்த காகிதக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நடுநிலைப் பள்ளிக் கால்பந்து அணிக்குக் கோச் தேடுகிறோம். நான் விளையாட்டு ஆசிரியர். ஆளைக் கூட்டி வருவதும் காப்பி கலக்குவதும் என் வேலை. முடிவு செய்வது பெற்றோர் சங்கம். தலைமையாசிரியரே அவர்கள் எதிரில் வாயைத் திறக்க மாட்டார்.

பாங் பதினேழு வருஷம் நடுக்கள ஆட்டக்காரர். நானூறு மேட்ச்சுக்கு மேல் ஆடியவர். இந்த வேலையும் இல்லையென்றால் மச்சானுடைய டைல்ஸ் கடைதான் என்று போனில் சொல்லியிருந்தார். ஆனால் அந்த நானூறும் யாருக்கும் நினைவில்லை. ஒரே ஒரு மேட்ச்தான் நினைவிருக்கிறது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். எங்கள் நாட்டுக்கு ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடியப் போகிற நேரம். பக்கத்தில் ஈ காக்கா இல்லை. பாங் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், உருண்டார், ஸ்ட்ரெச்சரில் போனார். அரை மணி நேரம் கழித்துப் பதக்க மேடையில் ஜம்மென்று ஏறி நின்றார்.

அன்றிலிருந்து அவர் பெயர் ஸ்ட்ரெச்சர் பாங். தேசிய அணிக்கு அவரை மறுபடி கூப்பிடவே இல்லை.

கியூதே இப்போது டி.வி. வர்ணனையாளர். வாரா வாரம் அந்த உருளலைப் போட்டுக் காட்டித்தான் பெரிய ஆளானார். அவர் பையன் மின்கியோல் எங்கள் அணியின் கோல்கீப்பர்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. நானும் அதே டீம்ல இருந்தவன். பெஞ்சுல உக்காந்து இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். உங்களை எவனாவது தொட்டானா?"

"தொடலை" என்றார் பாங்.

"கால் வலிச்சுதா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு விழுந்தீங்க?"

"அன்னிக்கு விழ வேண்டியிருந்துச்சு."

எனக்கு எரிச்சலாக வந்தது. 'தசை பிடிச்சுக்கிச்சு' என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும்? வேலை வேண்டுமா, வேண்டாமா இந்த மனுஷனுக்கு?

"கேட்டீங்களா? அவர் வாயாலேயே சொல்லிட்டார்" என்று கியூதே எல்லோரையும் பார்த்தார். "விளையாட்டுன்னா ஒரு நேர்மை வேணும்ங்க. இவர் வேண்டாம்ங்கறவங்க கை தூக்குங்க."

ஏழெட்டுக் கைகள் மேலே போயின. எங்கள் அணிப் பையன் தோங்ஹாவின் அம்மா மட்டும் தூக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. சந்தையில் சூப் கடை வைத்திருக்கிறவர். வந்ததிலிருந்து ஒரே ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தோங்ஹா அம்மா, உடம்பு சரியில்லையா?"

"பெரியவன் திங்கக்கிழமை பட்டாளத்துக்குப் போறான். நேத்து தலையை ஒட்ட வெட்டிக்கிட்டு வந்து நிக்கறான். பார்க்க முடியலைங்க."

எங்கள் நாட்டில் ஆணாய்ப் பிறந்தவன் இரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒரு வார்த்தை விழுந்தால் போதும், எங்கள் ஊர் ஆண்களுக்கு ஓட்டெடுப்பு கூட மறந்துவிடும். ஒருவர் எல்லையில் காவல் நின்றாராம். இன்னொருவர் பீரங்கிப் பிரிவாம். நானும் விடவில்லை, இரண்டு குளிர்காலம் பனி வாரிய கதையை எடுத்துவிட்டேன்.

"மின்கியோல் அப்பா, நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் தோங்ஹா அம்மா.

"நானா? நான் போகவே இல்லைங்க!" கியூதேவின் முகம் மலர்ந்தது. "ஆசியத் தங்கம் ஜெயிச்சவங்களுக்கு விலக்கு உண்டே. ஆனா அப்போ ஒரு சட்டம். டீம்ல பேர் இருந்தா மட்டும் பத்தாது, ஒரு நிமிஷமாவது களத்துல இறங்கி ஆடியிருக்கணும். இருபது பேர்ல பத்தொன்பது பேர் ஆடியாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி!"

"அய்யோ, அப்புறம்?"

"கோச்சு காலைப் பிடிக்காத குறை. ஒரு கோல்தான் முன்னால இருக்கோம், யாரையும் மாத்த மாட்டேன்னு அந்த ஆளு ஒத்தைக் கால்ல நின்னார். பெஞ்சுல துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதேன். அப்புறம் பாருங்க அதிர்ஷ்டத்தை! கடைசி நாலு நிமிஷம், வேற வழியில்லாம என்னை இறக்கி விட்டார். ரெண்டு வருஷப் பட்டாளம் மிச்சம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தோங்ஹா அம்மாவின் கை மட்டும் பழத்தின் மேல் அப்படியே நின்றது.

"யாரையும் மாத்த மாட்டேன்னவர், யாருக்குப் பதிலா உங்களை இறக்கினார்?"

கியூதேவின் கண் எதிர் நாற்காலிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வாரா வாரம் அந்த உருளலைப் போட்டுக் காட்டுகிறவர், அதற்கு அடுத்த காட்சியை ஒருநாளும் போட்டதில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

தூக்கியிருந்த கைகள் எப்போதோ இறங்கிவிட்டன.

"காப்பி ஆறுது கியூதே, குடி" என்றார் பாங்.

தோங்ஹா அம்மா உரித்த பழத்தை பாங்கின் முன்னால் வைத்தார்.

"நாளைக்கே வந்துருங்க கோச் சார். எங்க பசங்களுக்கு மொதல்ல அந்த மாதிரி விழக் கத்துக்குடுங்க."