பாதி மடித்த ஸ்கார்ஃப்

"நான் வாங்கிக் கொடுத்ததுல ஒண்ணைக்கூடத் தம்பி பொண்டாட்டி கட்டிப் பார்த்ததில்ல" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பெரியக்கா, தம்பி வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

சுவர் முழுக்க அவள் கொடுத்த ஸ்கார்ஃப்கள். ஒவ்வொன்றும் ஃபிரேம் போட்டு, கண்ணாடிக்குப் பின்னால்.

வேலை விஷயமாகப் போன ஊர்களிலெல்லாம் தம்பி மனைவிக்கென்று வாங்கி வந்தவை அவை. கடையில் பார்த்தபோது வெறும் பட்டுத் துணிதான். இங்கே ஜன்னல் வெளிச்சம் பட்டு, மயில்நீலமும் குங்குமச் சிவப்பும் உயிர் வந்து நின்றன. இதையா நாம் வாங்கினோம் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

"எல்லாம் நீயா பண்ணினே?"

"ஆமா அண்ணி. கழுத்துல சுத்தினா கசங்கிடும்னு மனசே வரல."

பசை பட்டால் பட்டு பாழாகிவிடுமாம். அதனால் ஓரம் முழுக்க ஊசியால் வெள்ளைத் துணியில் தைத்து, அப்புறம்தான் ஃபிரேமில் பொருத்தினாளாம். பெரியக்கா கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து தேடினாள். தையல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மனசு நிறைந்துபோயிற்று.

கடைசி ஃபிரேம்தான் கண்ணை உறுத்தியது. மற்றதெல்லாம் முழுசாக விரிந்திருக்க, அது மட்டும் பாதியாக மடித்து, முக்கோணமாக. அதுவும் எது? கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த அந்த மஞ்சள்.

"இதை மட்டும் ஏம்மா மடிச்சு வச்சிருக்கே?"

"அப்படி வச்சாதான் அழகா இருக்கு, அண்ணி."

"பிடிக்கலைன்னா சொல்லிடு. நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

"வேண்டாம் அண்ணி, அது அங்கேயே இருக்கட்டும்" என்றவள், முகம் வெளிறி, டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

பெரியக்காவா விடுவாள்? ஃபிரேமைக் கழற்றி மேஜையில் கவிழ்த்தாள். பின்பலகையை எடுத்து, நாலு தையலைப் பிரித்து, மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

உள்ளே, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அச்சாகப் பதிந்து கருகியிருந்தது.

கோபம் தலைக்கேறியது. டீயோடு வந்தவளை அங்கேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆசையா வாங்கிக் கொடுத்ததைச் சுட்டு வச்சுட்டு, அழகுக்கு மடிச்சேன்னு என்கிட்டயே கதை விடறியா?"

"தப்புதான் அண்ணி. நான்தான் கவனிக்காம தேய்ச்சுட்டேன். மன்னிச்சுடுங்க" என்று தலை குனிந்தாள் தம்பி மனைவி.

மேலே திட்ட வாயெடுத்த பெரியக்கா, அந்தக் கருகல் அச்சை இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள்.

அந்த ஸ்கார்ஃபை இஸ்திரி போட்டது ஒரே ஒரு தடவைதான். எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில், "உனக்குப் பட்டுத் தேய்க்கத் தெரியாது, கொண்டா" என்று இவள் கையிலிருந்து பிடுங்கி, போனில் பேசிக்கொண்டே தேய்த்து, மடித்துக் கொடுத்தது பெரியக்காதான்.