சுத்தியல் தடம்

போட்டிக்கு வந்த வெள்ளிக் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நடுவருக்குச் சந்தேகம் தட்டியது.

"வெள்ளியக்கா, பத்து வருஷமா உங்க நகையைப் பார்க்கிறேன். உங்க சுத்தியல் தடம் எப்பவும் ஒரே பக்கம்தான் சாயும். இதுல எல்லாம் எதிர்ப்பக்கம் சாயுதே! யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. ஆள் வெச்சுச் செஞ்சதைப் போட்டிக்குக் கொண்டுவரக் கூடாது, தெரியுமில்ல?"

சுற்றி நின்ற நகைக்கலைஞர்கள் கிசுகிசுத்தார்கள். அவள் பெயரை அடிக்க நடுவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார். ஒரு சுத்தியலும் வெள்ளித் தகடும் கொடுங்க."

கொடுத்தார்கள். அவள் தோளில் போர்த்தியிருந்த சால்வையை எடுத்து வைத்தாள். வலது கை விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. அந்த மணிக்கட்டால் தகட்டை அழுத்திக்கொண்டு, இடது கையால் சீராகத் தட்டினாள். காப்பில் இருந்த அதே தடம், அதே சாய்வு.

"போன வருஷம் ஸ்கூட்டர்ல அடிபட்டுட்டேன் சார். இந்தக் கையைப் பழக்கப் பத்து மாசம் ஆச்சு."

நடுவர் பேனாவை மூடினார். "அப்போ... இந்தக் கைக்கு இதுதான் முதல் நகையா?"

"முதல் நகைதான். முதல் பரிசான்னு நீங்கதான் சொல்லணும்" என்று சிரித்தாள்.

அவர் சொல்வதற்குள், கிசுகிசுத்தவர்களே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.