நூற்றெட்டுத் தேங்காய்

ஒன்பது குத்துச்சண்டைகளில் வரிசையாக வென்ற சுஜீத், பத்தாவதில் சுருண்டு விழுந்தான்.

மறுநாள் காலை, லண்டன் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குத் தேங்காய் மூட்டையைச் சுமந்து வந்தவனும் அவன்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நான் தோத்திட்டன் அம்மா. பிறகேன் தேங்காய்?"

"நேர்த்தி வச்சால் தீர்க்கத்தானே வேணும், ராசா." ஜெயகௌரி அவன் முகத்தைப் பார்க்காமல் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை மாதிரி அம்மா ஆருக்குக் கிடைக்கும்! அடுத்த பைட்டுக்கும் இப்பிடியே வேண்டுங்கோ."

அவள் எறிந்த தேங்காய் கல்லில் படாமல் உருண்டோடியது.

அந்த வழியால் வந்த ஐயர் சிரித்தார். "நூற்றெட்டோ! கேட்டது கிடைச்சால்தானே உடைப்பினம்? முருகன் தந்திட்டார் போல?"

சந்நிதியில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"ஓம் ஐயா, தந்திட்டார். ஒருக்காத் தோத்தால் சண்டையை விட்டிடுவான் எண்டு நினைச்சன்."