ஒரே வகைக் கிருமி

"கதவைச் சாத்துடி. அம்மா காதுல விழுந்தா மனசு உடைஞ்சு போயிடும்" என்றாள் அன்புச்செல்வி.

சிந்துஜா கதவைச் சாத்தினாள். காலையில்தான் அக்கா சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். வந்த கையோடு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிடுகிறாள்.

அம்மா அப்போதுதான் காபி வைத்துவிட்டுப் போயிருந்தாள். போகிற போக்கில் தன் முகத்தைத் துடைத்த முந்தானையாலேயே சின்னவளின் பருமுகத்தையும் துடைத்துவிட்டு, "தை பொறக்குறதுக்குள்ள இது போயிடணும், கல்யாணப் பொண்ணு" என்று புலம்பிவிட்டுப் போனாள்.

அன்புச்செல்விக்குப் பருக் கிருமிகளில்தான் ஆராய்ச்சி. போன பௌர்ணமிக்கு வந்தபோது வீட்டில் ஒருத்தரையும் விடவில்லை. அம்மா, தங்கை, வீட்டோட மாப்பிள்ளையான தன் கணவன் மாறன் என்று எல்லார் மூக்கிலும் பசைப் பட்டையை ஒட்டி உரித்து, ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போனாள். புது மிஷினில் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தால், யார் முகத்தில் எந்த வகைக் கிருமி என்று தெரிந்துவிடுமாம்.

"என் மூக்கையும் விட்டு வைக்கலையா?" என்று மாறன் அன்றைக்குச் சிரித்தான்.

அக்கா ஊரில் இல்லாத நாட்களில் அந்த மாறனோடு நடந்ததெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் சிந்துஜா நினைத்திருந்தாள். ஒரு கிருமி காட்டிக்கொடுக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

"உன் முகத்துல இருக்கிறது ஒரு தனி வகைடி. நம்ம வீட்லயே இன்னொருத்தர் முகத்துல அச்சு அசலா அதே வகை இருக்குது."

"யா... யாருக்கா?"

"உனக்கே தெரியாதா? ஒட்டி உறவாடுறவங்ககிட்டேருந்துதான் இவ்ளோ ஜாஸ்தியா வரும். நானும் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன், ஒவ்வொரு தடவை வரும்போதும்."

சிந்துஜாவின் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. இது வெளியே தெரிந்தால் கல்யாணமும் போச்சு, அக்காவும் போச்சு.

"கோபமெல்லாம் இல்ல. இனிமேலாவது தள்ளி இருக்கணும். அதை நீயே சொல்லிடு, நான் சொன்னா நல்லா இருக்காது."

அக்கா இவ்வளவு தணிவாகப் பேசியதுதான் சிந்துஜாவுக்குத் தாங்கவில்லை. பொத்தென்று அவள் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுக்கா! மாமா மேல மட்டும் தப்பு இல்ல, நானும்தான்... நீ இல்லாதப்ப புத்தி கெட்டுப்போயி... இனிமே அவர் பக்கமே போமாட்டேன். சத்தியமா!"

அன்புச்செல்வி காலடியில் கிடந்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அம்மா தாளிக்கிற சத்தம் கேட்டது.

"அம்மாவோடதுன்னுதான்டி சொல்ல வந்தேன்."