பெயர் கிடைத்த நோய்

அந்த மருத்துவமனையில் நோயாளிகளை நோயின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நோயைக் கண்டறியும் இயந்திரம் பெயர் சொல்லாதவரை மருத்துவர் தொடமாட்டார். மருந்து அலமாரியும் திறக்காது.

நிவேதாவின் மூத்த மகள் ஆதிரைக்கு நகமெல்லாம் நீலமாகிப் பேச்சுக் குழறியபோது, இயந்திரம் ஒவ்வொரு முறையும் ‘நோய் இல்லை’ என்றது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே அந்தப் பெண் செத்துப்போனாள்.

இப்போது இளையவள் மகிழுக்கும் நகங்கள் நீலமாகியிருந்தன. இந்த முறை அவள் இயந்திரத்தில் விரலை வைத்ததுமே பச்சை விளக்கு எரிந்தது.

“பேர் வந்துடுச்சும்மா,” என்றார் மருத்துவர். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “உங்க பெரிய பொண்ணு ரிப்போர்ட்ட வெச்சுத்தான் மெஷின் கத்துக்கிச்சு. ஆதிரை நோய்னே பேர் வெச்சாச்சு. ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.”

“புது ஊசியா டாக்டர்?”

“பழசுதாம்மா. ரொம்ப வருஷமா இங்க இருக்கு.”

“அப்ப, அன்னிக்கும் அந்த அலமாரியிலதான் இருந்துச்சு.”

மருத்துவர் இயந்திரத்தின் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “வெளிய உக்காருங்கம்மா. கூப்பிடுவாங்க.”

அதே பெஞ்சில் மகிழை மடியில் சாய்த்துக்கொண்டு நிவேதா உட்கார்ந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“ஆதிரை யாரு? ஆதிரை, உள்ள வாங்க.”

நிவேதா மகிழைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். கதவருகே நின்று நர்ஸின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

“அவ இங்க உக்காந்திருந்தப்ப ஒரு தடவ கூப்பிட்டிருக்கணும்டி.”