பொந்துக்குப் பராமரிப்பு

கொட்டைகளைச் சேர்த்துவைக்க நல்ல பொந்து வேண்டுமென்று அணில் கேட்டது. மரங்கொத்தியும் உறுதியாகவே கொத்திக் கொடுத்தது.

"பராமரிப்பும் போட்டுக்குங்க. கட்டாயமில்லை. கொஞ்சம் கொட்டை கூடுதலாகும். மாசாமாசம் நானே வந்து சுவரைச் சோதிச்சுப் பார்ப்பேன்," என்றது.

எதற்கு வம்பு என்று அணில் அதையும் போட்டுக்கொண்டது.

மரங்கொத்தி சொன்ன சொல் தவறவில்லை. மாதந்தோறும் வந்து, ஒரே இடத்தில் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்று சொல்லிப் போனது.

மழைக்காலத்தில் அந்த இடம் பொத்துக்கொண்டது. பாதிக் கொட்டை கீழே ஓடிய ஓடையோடு போயிற்று. அணில் பதறிப்போய் மரங்கொத்தியை அழைத்து வந்தது.

மரங்கொத்தி ஓட்டையை நிதானமாகப் பார்த்தது.

"நல்லவேளை, பராமரிப்பு போட்டிருந்தீங்க. அடைச்சுத் தர்றது என் பொறுப்பு."

அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிச்சமிருந்த கொட்டையை எடுத்து, அடுத்த வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கட்டிவிட்டது.