பதினேழு தடவை

“நேத்து மட்டும் பதினேழு தடவை, வேலு அண்ணே. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

பழனியப்பன் நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். டவுனில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை அவருக்கு. ஆயர் ஈத்தாம் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கெட்டுத் திரியக் கூடாது என்று பந்தாட்டக் குழு ஆரம்பித்ததே சங்கம்தான்.

அந்தக் குழுவுக்கு நடுவர் வேலு. பகலில் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை. சாயங்காலம் கழுத்தில் விசில்.

“எது பதினேழு தடவை, கிராணியாரே?”

“பாடாங்குத் திடலுக்கு எதிரே இருக்கிற கள்ளுக்கடையை நீங்க திரும்பித் திரும்பிப் பார்த்தது.”

வேலு விசில் கயிற்றை விரலில் சுற்றினார்.

“மூணு நாள் லீவு போட்டு வந்து பார்த்தேன். பந்து இந்தப் பக்கம் போகுது, ரெப்ரீ அந்தப் பக்கம் பார்க்கிறாரு. செவ்வாய்க்கிழமை ஒரு கோலையே கோட்டை விட்டுட்டீங்க. பையன்கள் சிரிக்கிறாங்க.”

“சிரிச்சிட்டுப் போகட்டும்.”

“இன்னொண்ணு. நாலரைக்கு ஆரம்பிக்கிற ஆட்டம் அஞ்சரைக்கு முடியணும். அறுபது நிமிஷம். திங்கக்கிழமை தொண்ணூறு. செவ்வாய் தொண்ணூத்தொண்ணு. நேத்து தொண்ணூறு.”

“என்கிட்ட கடிகாரம் இல்லையே.”

பழனியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணே, நீங்க ஒரு காலத்துல குடிச்சவர். விட்டுட்டேன்னு கோயில்ல சத்தியம் பண்ணினீங்க. அதை நம்பித்தான் விசிலைக் கொடுத்தோம். இன்னமும் கண்ணு அங்கேயே இருந்தா, இந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தைக் காட்டுவீங்க?”

வேலுவின் முகம் சுண்டிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாலு அடி தள்ளி நின்று பையன்கள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, விசிலைக் கழற்றி நீட்டினார்.

“நீங்களே அடிங்க. ஆனா அஞ்சரைக்கு மட்டும் அடிச்சிடாதீங்க.”

“கடிகாரம் சொல்ற நேரத்துக்கு அடிப்பேன்” என்றார் பழனியப்பன்.

அன்றைய ஆட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. கோடு தாண்டிய பந்து ஒவ்வொன்றுக்கும் விசில் வந்தது. இரு பக்கமும் இரண்டு கோல். சரியாக ஐந்தரைக்கு நீளமாக ஒரு விசில்.

“அறுபது நிமிஷம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.”

“இப்பவேயா?” என்று முணுமுணுத்துக்கொண்டே பையன்கள் கலைந்தார்கள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த வேலு எழுந்து நின்றுவிட்டார்.

அதற்குள் பக்கத்து லைன் வீட்டு வரிசையிலிருந்து தனலெட்சுமி ஓடி வந்தாள். கை நிறைய அரிசி மாவு.

“யாரு விசில் அடிச்சது?”

“நான்தாம்மா. ஏன்?”

“கடை இன்னும் திறந்துதானே இருக்கு.”

“எந்தக் கடை?”

அவள் மாவுக் கையை நீட்டினாள்.

கள்ளுக்கடைத் தாழ்வாரத்தில் அவள் மகன் ஜெயராஜ் நின்றிருந்தான். பதினாலு வயது. கூட இன்னும் மூன்று பேர். உள்ளேயிருந்து ஒருவன் குவளையை நீட்டினான்.

“வாடா பந்தாட்டக்காரா. ரொம்ப நாளாச்சு உன்னைப் பார்த்து. ஓடின களைப்புக்கு ஒரு வாய்.”

“ஆறு மணிக்குத்தான் அதைச் சாத்துவாங்க, கிராணி ஐயா” என்றாள் தனலெட்சுமி. “அந்தக் கதவு சாத்துறவரைக்கும் வேலு அண்ணன் விசிலை வாயில வைக்கமாட்டாரு. தொண்ணூத்திரண்டு நாளா என் மகன் வாயில வாடை இல்லை. தினமும் மோந்து பார்த்துத்தான் சோறு போடுறேன். அவரு விசில் கேட்டாத்தான் நாங்க உலையே வைக்கிறோம். அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.”

பழனியப்பன் வேலுவின் பக்கம் திரும்பினார்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே.”

“பையன்கள் பக்கத்துல இருந்தாங்க. காவலுக்கு நிக்கிறேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தனும் விளையாட வரமாட்டான்.”

பழனியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்துமூன்று. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து விசிலை ஊதினார்.

தாழ்வாரத்தில் நாலு தலைகளும் திரும்பின. ஜெயராஜின் கைக்குக் குவளை இன்னும் வந்து சேரவில்லை.

“டேய், எங்கே போறீங்க? ரெண்டுக்கு ரெண்டுன்னு ஆட்டத்தை விடுறதா? யாராவது ஒரு பக்கம் ஜெயிக்கணும்ல. வாங்கடா.”

முதலில் ஓடி வந்தவன் ஜெயராஜ்தான். குவளைக்காரன் நீட்டிய கையோடு நின்றான்.

பழனியப்பன் விசிலை இரண்டு கையிலும் வைத்து வேலுவிடம் நீட்டினார்.

“மன்னிச்சிடுங்க அண்ணே. எங்க பிள்ளைகளை இத்தனை நாளும் நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்க.”

வேலுவுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாளையிலேர்ந்து வாங்கிக்கிறேன். இன்னைக்கு நீங்களே முடிச்சு வைங்க.”

ஆறு மணி ஆவதற்குச் சற்று முன்னால் ஒரு கோல் விழுந்தது. இல்லை, பந்து கம்பத்துக்கு வெளியே போனது என்று எதிர்ப்பக்கம் சண்டைக்கு வந்தது. இருபத்திரண்டு பையன்களும் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ரெப்ரீ, நீங்க சொல்லுங்க. கோல்தானே?”

பழனியப்பன் விழித்தார். அவர் அதைப் பார்க்கவே இல்லை. பந்து போனபோது அவர் கள்ளுக்கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது தடவையாக.